ஒன்பதாம் ஸ்டேஷனுக்கு ஒரு திருத்தம்

என் தங்கைக்கு ஏழு வயதிலிருந்து தந்தி என்றுதான் பெயர். அதற்கு முன்னால் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடச் சான்றிதழோடு நின்றுவிட்டது.

அப்போது மாடியில் அத்தை குடும்பம், கீழே நாங்கள். துணி காயப்போடும் கொடியை வைத்து அம்மாவுக்கும் அத்தைக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? தங்கைதான் படியேறி இறங்கினாள். சொன்னதைச் சொன்னபடி சொல்லுவாள். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது.

"அம்மா, 'உங்கம்மாவ ஈரத்துணிய எடுக்கச் சொல்லு, ம்க்கும்'னு அத்தை சொன்னாங்க."

"அந்த ம்க்கும் எதுக்குடி?"

"தெரியலம்மா. சொன்னாங்க, சொல்லிட்டேன்."

"அப்படியா சேதி? நீ போய் ரெண்டு ம்க்கும் சொல்லிட்டு வா."

அவள் போய், அத்தை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இரண்டு ம்க்கும் சொல்லியிருக்கிறாள். அத்தையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்படியே கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "உன் சின்னவ சரியான தந்தி அண்ணி" என்றார். சண்டை தீர்ந்தது. கொடி இரண்டானது. பெயர் நிலைத்தது.

நான் எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு தையல் கற்றுக்கொண்டேன். தந்தி படித்தாள். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ வாங்கினாள். எங்கள் வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் என்ற வார்த்தையை நாக்குத் தடுமாறாமல் சொன்ன முதல் ஆள் அவள்தான். படித்த படிப்புக்கு டவுனிலேயே செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கலாம். அவள் மலை மேல் வேலைக்குப் போனாள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அவள் வேலையை எனக்குப் புரிகிற மாதிரி அவளே ஒருநாள் சொன்னாள். கூட்டமான பஸ்ஸில் பின்னால் நிற்கிறவர் டிக்கெட்டுக்குக் காசு நீட்டுவார். நடுவில் நிற்கிறவர் அதை வாங்கி முன்னால் கடத்துவார். அந்தக் காசு அவருடையதும் இல்லை, டிக்கெட்டும் அவருக்கு இல்லை. ஆனால் அவர் கை நீட்டாவிட்டால் எதுவும் போய்ச் சேராது. தந்தியின் கோபுரம் அப்படி நடுவில் நிற்கிற கோபுரம். ஒரு மலையிலிருந்து வருவதை வாங்கி அடுத்த மலைக்குக் கொடுக்கும். வரிசையாகப் பதினோரு ஸ்டேஷன்கள். அவளுடையது ஒன்பதாவது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் உலகத்துப் பேச்செல்லாம் அவள் தலைக்கு மேலேதான் போகிறது, அவள் கையிலிருக்கும் போனுக்கு மட்டும் சிக்னல் கிடையாது. கடத்துகிற கோபுரம் கீழே இருக்கிறவர்களுக்குக் கொடுக்காதாம். அதற்கு வேறு சாமான் மாட்ட வேண்டும். மூன்று பேருக்காக யார் மாட்டுவார்கள்? மூன்று பேர் என்றால் இப்போது தந்தியும், காவலுக்கு இருக்கும் கணவன் மனைவியும்.

"யாரோ ஒரு தாத்தா வெளிநாட்டுல இருக்கற பேரன்கிட்ட பேசுவாரு. அந்தப் பேச்சு என் தலைக்கு மேல போகும். நான் கீழ நின்னு பல் தேய்ச்சுக்கிட்டிருப்பேன். நல்லா இருக்குக்கா அது" என்பாள்.

அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. மெஷின் ரூம் ஒன்று, அதற்கு ஒட்டினாற்போல அவள் அறை. கட்டில், அடுப்பு, காற்று மோதினால் படபடக்கும் ஒரு ஜன்னல். அதற்கு நான் தடித்த துணியில் திரை தைத்துக் கொடுத்திருக்கிறேன், கீழே ஈயக்குண்டு வைத்து. துணி காய்வது அங்கே பெரும்பாடு. மெஷினிலிருந்து சூடான காற்று வெளியே வரும் குழாய்க்கு எதிரில் கொடி கட்டியிருக்கிறாள். கொடி ராசி அவளை மலை மேலும் விடவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள்.

எங்களோடு பேச அவள் மலைப்பாதையின் வளைவு வரை நடந்து வர வேண்டும். அந்த வளைவில் நின்றால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கீற்று சிக்னல் வரும். பேசினால் பீன்ஸ் நறுக்கின மாதிரி துண்டு துண்டாகக் கேட்கும். குரலைப் பதிந்து அனுப்பினால் இறங்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து மட்டும் வரும். அங்கிருந்து அதுவும் நின்று நின்றுதான் போகும்.

அம்மாவுக்குப் பொடி எழுத்துத் தட்டக் கண் போதாது. அதனால் போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் முறையைத் தந்தி சொல்லிக் கொடுத்தாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். போனை வாய்க்கு எதிரே தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, காது மந்தமானவரிடம் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். கடைசியில் எப்போதும் "எல்லாரும் நல்லா இருங்க" என்று முடிப்பாள். ஒரு ஆளுக்கு அனுப்பினாலும் எல்லாரும்தான்.

போன் தன் இஷ்டத்துக்கு எழுதும். "அரிசி தீர்ந்துபோச்சு" என்றால் "அரசி தீர்ந்துபோச்சு" என்று போகும். ஒருநாள் "அக்கா தையல்ல இருக்கா" என்று அம்மா சொன்னது "அக்கா மையல்ல இருக்கா" என்று போய்விட்டது. "யார் மேல?" என்று தந்தி கேட்டிருந்தாள். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னை நிம்மதியாக மெஷினில் உட்காரவிடவில்லை.

இது சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது, அம்மா குளியலறையில் வழுக்கி விழுகிற வரைக்கும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டிருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். தந்தி, "வரவா?" என்று எழுதினாள். அம்மா போனை ஏந்திக்கொண்டு, "வராத" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் போன் சரியாகவே எழுதியது. மறுநாளும் கேட்டாள். மறுநாளும் வராதே.

அம்மா வர வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. ஒன்பதாம் ஸ்டேஷனுக்குப் பொறுப்பாக இருந்த மூத்தவர் அந்த மாதத்தோடு ஓய்வு பெற்று இறங்கினார். அடுத்த பொறுப்பு யாருக்கு என்று பேச்சு வந்தபோது அவர் தந்தியைத்தான் சொன்னார். பெரிய இன்ஜினியர் தயங்கினாராம். "வேலை தெரிஞ்ச பொண்ணுதான். ஆனா வீட்டுல ஒண்ணுன்னா அந்த நிமிஷமே மூட்டை கட்டிட்டு இறங்கிடும். ஸ்டேஷன யார் பாக்கறது?" என்றாராம். மூத்தவர் இதைத் தந்தியிடம் அப்படியே சொல்லிவிட்டார். அவள் அதை ஒரு வார்த்தை குறையாமல் எங்களிடம் சொன்னாள். ம்க்கும் மட்டும் அவள் சொந்தமாகச் சேர்த்தது.

கடைசியில் இன்ஜினியர் தானே மலைக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். மூத்தவர் போன பிறகு ஸ்டேஷன் தந்தி ஒருத்தி கையில் இருந்தது. இன்ஜினியர் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் பார்த்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஒன்பதுக்கு அவர் வர இருந்த நாளுக்கு முந்தின நாள்தான் அம்மாவின் கட்டைப் பிரித்தார்கள்.

நல்லபடியாகப் பிரித்தார்கள். அம்மா எழுந்து, காலை ஊன்றி, நான்கு அடி வைத்து, "வலியே இல்லைங்க" என்று டாக்டரிடம் அவருக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னாள். நான் மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி நடையில் போட்டிருந்த பெஞ்சில் அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தாள்.

"சின்னவளுக்கு நானே சொல்லிட்டேன். நீ தனியா ஒண்ணும் சொல்ல வேணாம்."

நானும் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. நல்ல சேதியை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து போனை நீட்டினாள்.

"இத பாரேன். கட்டுப் பிரிச்சதுக்குப் போய் யாராவது கிளம்புவாங்களா?"

தந்தியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது. 'கிளம்பறேன். இருங்கம்மா.'

அந்த 'இருங்கம்மா' எனக்குச் சரியாகப் படவில்லை. திரையை மேலே தள்ளி அம்மா அனுப்பியிருந்ததைப் படித்தேன்.

'எனக்கு இனி வழி இல்ல. டாக்டர் விட்டுட்டார். நீ வர வேண்டாம் உன் வேலைய பாரு. எல்லாரும் நல்லா இருங்க.'

"அம்மா, நீ என்ன சொன்ன போன்கிட்ட?"

"வலி இல்ல, டாக்டர் கட்டப் பிரிச்சு விட்டுட்டார்னு சொன்னேன். அப்ப பாத்து ஒரு தள்ளுவண்டிய கடகடன்னு தள்ளிட்டுப் போனான். ஏன், அவன் சத்தமும் விழுந்திருக்கா?"

சத்தம் விழவில்லை. அந்தச் சத்தத்தில் கட்டுதான் விழுந்துபோயிருந்தது. லி இருக்க வேண்டிய இடத்தில் ழி நின்றுகொண்டிருந்தது.

நான் படித்துக் காட்டினேன். அம்மா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தாள். "அடப்பாவி போனே" என்று மட்டும் சொன்னாள்.

தந்தியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. எழுதி அனுப்பினேன், போகவில்லை. வளைவிலிருந்து ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டாள் என்று அர்த்தம். டீசல் கொண்டுபோகிற லாரி அன்று மேலே போகிற நாள் என்பது எனக்குத் தெரியும், அதில்தான் அவளுக்குக் காய்கறி அனுப்புவேன். பீப்பாயை இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் லாரி கிளம்பிவிடும். அவளும் அதில்தான் ஏறுவாள். காலையில் இன்ஜினியர் வந்து பார்க்கும்போது ஸ்டேஷனில் ஆள் இருக்காது. அவர் வாயால் சொன்னது அப்படியே நடந்த மாதிரி ஆகிவிடும்.

"ஆபீஸுக்குப் போலாம்" என்றார் என் வீட்டுக்காரர். ஸ்கூட்டரை எடுத்துவிட்டார். நான் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு பின்னால் ஏறினேன்.

ஸ்டேஷன்களுக்கு என்று தனியாக ஒரு போன் லைன் உண்டு. தினம் மாலை ஆறு மணிக்கு டவுன் ஆபீஸிலிருந்து ஆஜர் கேட்பார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனும் வரிசையாகத் தன் நிலவரம் சொல்ல வேண்டும். கேட்கிறவருக்குத் தந்தி வைத்த பெயர் சளி அண்ணன். கோடையிலும் அவருக்கு மூக்கடைத்த குரல்தான். அவரை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

ஆபீஸில் ஒரு மூலையில், மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஒருவர் ஸ்பீக்கர் வைத்த போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்ததுமே அவர்தான் என்று தெரிந்துவிட்டது.

"யாரும்மா நீங்க? இது ஆஜர் நேரம்."

"அண்ணே, நான் ஒம்பதாம் ஸ்டேஷன் பொண்ணோட அக்கா."

அவர் முகம் மலர்ந்தது. "தந்தியோட அக்காவா? சட்டைக்கு உள்பை வெச்சுத் தைக்கற அக்கா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டார்.

"சொல்றது புரியுதும்மா. ஆனா இந்த லைன்ல சொந்த விஷயம் பேசக் கூடாது. நான் ஒரு ஆளுக்குச் சொன்னா பதினோரு ஸ்டேஷனும் கேக்கும். இன்னிக்குப் பெரியவரு, அதான் இன்ஜினியரு, எட்டாம் ஸ்டேஷன்ல தங்கியிருக்காரு. பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காரு. 'உங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க, இறங்காத'ன்னு நான் சொன்னா, அந்தப் பொண்ணு இறங்க இருந்தான்னு அவருக்குத் தெரிஞ்சு போயிடாதா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் நாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றேன்.

"அண்ணே, வர்ற செய்தியில தப்பு இருந்தா இந்த லைன்ல என்ன பண்ணுவீங்க?"

"திருத்தம் கொடுப்போம்."

"அது ஆபீஸ் வேலைதானே?"

 அவர் மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு, "எந்த எழுத்தும்மா?" என்று கேட்டார்.

ஆஜர் ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று குரல்கள் வந்தன. பாட்டரி சரி, ஜெனரேட்டர் சரி, கோபுர விளக்கு எரியுது. எட்டாம் ஸ்டேஷன் குரல் அன்று ரொம்பவும் சுத்தமாகப் பேசியது, பக்கத்தில் பெரியவர் இருந்த மரியாதை.

"ஒன்பது" என்றார் சளி அண்ணன்.

எதுவும் வரவில்லை. லைன் மட்டும் இரைந்தது. அவர் மறுபடியும் "ஒன்பது" என்றார்.

"ஒன்பது ஆஜர்." என் தங்கையின் குரல்தான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த குரல், எனக்குத் தெரியாதா? "பாட்டரி சரி. ஜெனரேட்டர் சரி. டீசல் வந்து சேர்ந்தது. கோபுர விளக்கு எரியுது." ஒரு மூச்சு விட்டாள். "அப்புறம் அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்."

"இரும்மா. அதுக்கு முன்னால ஒன்பதாம் ஸ்டேஷனுக்கு ஒரு திருத்தம் இருக்கு. வாங்கிக்கோ."

"திருத்தமா?"

"காலையில வந்த செய்தியில. முதல் வரியில ஒரு எழுத்துத் தப்பு. வாழைப்பழத்துல வர்ற ழ இல்ல. பல்லுல வர்ற ல. ரெண்டாவது வரியில ஒரு வார்த்தை விட்டுப் போச்சு. 'கட்டப் பிரிச்சு'ன்னு சேத்துக்கோ. திருத்தம் முடிஞ்சுது. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொல்வது அந்த லைனின் சட்டம். கேட்டவர் கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. என் தங்கை ஏழு வயதில் யாரும் சொல்லாமலே கடைப்பிடித்த சட்டம்.

லைன் இரைந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் யாரோ ஒரு அம்மாள் விசும்புவது கேட்டது. லாரி ஹாரன் ஒருமுறை அடித்தது.

"திருப்பிச் சொல்றேன்" என்றாள். "ழ இல்ல. ல. வலி." நிறுத்தினாள். "வலி இல்ல. டாக்டர் கட்டப் பிரிச்சு விட்டுட்டார்."

"சரி" என்றார் சளி அண்ணன். மூக்கை மறுபடியும் சிந்தினார். இந்த முறை சளி அல்ல என்று நினைக்கிறேன்.

"செய்தி யார் கொடுத்தது?" என்று கேட்டாள் தங்கை.

"கொடுத்தவங்க நல்லா இருக்காங்க. திருத்தம் கொடுத்தவங்க என் பக்கத்துல நிக்கறாங்க, கழுத்துல நாடாவோட."

அப்போது லைனில் வேறொரு குரல் வந்தது. கனமான குரல். "ஒன்பதாம் ஸ்டேஷன், யாருக்கு வலி?"

சளி அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். அதுதான் பெரியவர்.

"யாருக்கும் இல்லைங்க சார்" என்றாள் என் தங்கை. "இப்பதான் உறுதியாச்சு."

"நல்லது. அப்ப ஏதோ விஷயம் சொல்லணும்னீங்களே, அது என்ன?"

நான் என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நான் தைத்த சட்டைதான், தையல் விடாது.

"லாரி கிளம்புதுங்க சார். காலி பீப்பாய் எல்லாம் ஏத்தியாச்சு. அதச் சொல்லத்தான்."

"சரி. காலையில வரேன். அங்க குளிர் அதிகமாமே, குடிக்க ஏதாவது சூடா வையுங்க."

"பத்து" என்றார் சளி அண்ணன். ஆஜர் மேலே போயிற்று.

அவள் லீவில் வந்தபோதுதான் மற்றதையெல்லாம் சொன்னாள். வளைவில் நின்று அந்தச் செய்தியைப் படித்ததும் ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாளாம். காவல்காரர் மனைவிதான் பையை எடுத்து வைத்தார். தந்தியைவிட அவர்தான் அதிகம் அழுதாராம், பார்த்திராத அம்மாவுக்காக. பை லாரிக்குள் ஏறிவிட்டது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறும்மா, போற வழியில போன் பேசிக்கலாம்" என்றாராம். அப்போது மணி ஆறாகப் போகிறது. ஆஜர் கொடுத்துவிட்டு, இறங்குகிறேன் என்று எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வருவேன் என்று இவள் உள்ளே போய்விட்டாள்.

"எதுக்குடி? எப்படியும் போகத்தானே இருந்த?" என்று கேட்டேன்.

"ஒன்பது பேசலன்னா சளி அண்ணன் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயப்படுவாருக்கா. சொல்லாம எப்படிப் போறது?"

லாரி டிரைவர் பையைத் திரும்ப இறக்கிக் கொடுத்தபோது, "ஒரு எழுத்துக்காக ஏத்தி இறக்கியாச்சு. எழுத்து ஒண்ணுன்னாலும் பை எடை என்னவோ அதேதான்" என்றாராம்.

இன்ஜினியர் காலையில் வந்து மெஷின் ரூமைப் பார்த்தார், கேள்வி கேட்டார், சூடாகக் குடித்தார். குழாய்க்கு எதிரே இருந்த கொடியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். துணி காயப்போட என்றாள். அதைக் கழற்றச் சொல்லவில்லை. போகும்போது சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, "வீட்டுல கட்டுப் பிரிச்சவங்க எப்படி இருக்காங்க?" என்றாராம். இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டு, டாக்டர், வலி, இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் அவருக்கு? "இறங்கறதா இருந்தீங்களா?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவள் உள்ளதை அப்படியே சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்போல.

இப்போது ஒன்பதாம் ஸ்டேஷனுக்கு என் தங்கைதான் பொறுப்பு. சட்டையில் பேட்ஜ் குத்த வேண்டுமாம். துணி கிழியாமல் இருக்க உள்ளே இன்னொரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அந்த லைனில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மாலை ஆஜரில் நான்காம் ஸ்டேஷன்காரர் நிலவரம் சொல்லிவிட்டு, "வலி இல்ல" என்று முடித்தாராம். கிண்டலுக்குத்தான். அடுத்து ஐந்தும் சொன்னது. இப்போது பதினோரு ஸ்டேஷனும் அப்படித்தான் முடிக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இதுவும் விதி என்று நினைத்து முதல் நாளே பயபக்தியோடு சொன்னானாம். யாரும் அவனைத் திருத்தவில்லை.

அம்மா தான் தப்புச் செய்ததாக இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் சரியாத்தான் சொன்னேன். இந்தப் போன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுதோ" என்பாள். ஆனாலும் ஜாக்கிரதையாகிவிட்டாள். போன வாரம் போனைத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, சளி அண்ணன் முறையிலேயே, "பல்லுல வர்ற வலி எனக்கு இல்ல. எல்லாரும் நல்லா இருங்க" என்று அனுப்பினாள்.

மறுநாள் வளைவிலிருந்து பதில் வந்தது. 'அம்மா, பல்லுக்கு என்ன ஆச்சு?'